மழைத்தண்ணீர்த் தொட்டி மோட்டார்: வீட்டுக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை

மதுரையில் ஆனையூர்ப் பக்கம் மோட்டார் பழுது பார்ப்பதும் வீட்டு வயரிங் செய்வதும் என் தொழில். போர் மோட்டார் வருஷம் முழுக்க வேலை கொடுக்கும். மழைத்தண்ணீர் மோட்டார் அப்படியில்லை. தை பிறந்ததும் தூங்கப் போய்விடும். புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை ஒன்று விழுந்தால், மறுநாள் காலையில் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல மக்கர் பண்ணும். அன்றைக்கு என் போன் ஓயாது. கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் மனதில் வைத்துப் பேசுவது நம் பக்கத்துச் சாதாரண வீடு: தரைக்கடியில் ஐந்தாறு அடி ஆழத் தொட்டி, மேலே ஒரு மாடியோ இரண்டு மாடியோ, மொட்டைமாடியில் ஒரு டேங்க்.

"மழைநீர் சேகரிப்பு எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்குண்ணே. அப்புறம் எதுக்கு தொட்டி, மோட்டாரு?"

2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, நிறைய வீடுகளில் மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி, ஜல்லி போட்ட குழியில் விட்டார்கள். அது நிலத்துக்குப் போகிற தண்ணீர். ஊற்று ஏறும், நல்லதுதான். ஆனால் அதை நீங்கள் மோந்து எடுக்க முடியாது. தொட்டியில் பிடித்து வைப்பது வேறு சங்கதி.

தொட்டி இருந்தால் மோட்டார் இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. மாடிக்குழாய்க்குக் கீழே மேடை கட்டி ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்து, அடியில் ஒரு குழாய் திருகினால் துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் போதும். மின்சாரச் செலவு இல்லை, என்னைக் கூப்பிடவும் வேண்டாம். தண்ணீர் தரைக்குக் கீழே போய், அதை மறுபடி மேலே ஏற்றவேண்டும் என்றால்தான் மோட்டார்.

"மாடி ஆயிரம் சதுர அடி. எவ்வளவு தண்ணி வரும்? எத்தனை ஹெச்பி வாங்கட்டும்?"

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரி 50 மில்லிமீட்டர் பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் விழும். தெறிப்பது, மாடி உறிஞ்சுவது, அழுக்கான முதல் தண்ணீரைக் கழித்துவிடுவது எல்லாம் போக 3,700 லிட்டர் தொட்டிக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாதவர்கள் நீளம், அகலம், ஆழத்தை அடியில் பெருக்கி 28-ஆல் பெருக்கவும். 8-க்கு 6, ஆழம் 5 என்றால் 6,700 லிட்டர் சொச்சம்.

மோட்டாருக்கு வருவோம். தொட்டி அடியிலிருந்து மேல்டேங்க் வாய்வரைக்கும் உயரம் பாருங்கள். தொட்டி ஆறு அடி, இரண்டு மாடி இருபத்தி நாலு, டேங்க் மேடையும் டேங்கும் எட்டு என்றால் 38 அடி, அதாவது 12 மீட்டருக்குள். குழாய் வளைவுகளுக்கு ஒரு இரண்டு மூன்று மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு அரை ஹெச்பி தாராளம். பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை, அதாவது தண்ணீர் ஏற்றும் உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அந்த உயரத்தில் தண்ணீர் சொட்டுக்கூட வெளியே வராது. உங்கள் உயரம் அதில் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும். "இருக்கட்டுமே" என்று ஒரு ஹெச்பி வாங்கினால், சின்னத் தொட்டியை அது கண் மூடித் திறப்பதற்குள் காலி பண்ணிவிட்டு வெறும் காற்றில் ஓடும்.

"மேல வைக்கிற மோட்டாரா, தண்ணிக்குள்ள போடுற மோட்டாரா? எது நல்லது?"

கடைக்காரர் தண்ணீருக்குள் போடுவதைச் சொல்வார்: சத்தம் வராது, பிரைமிங் தொல்லை (ஓட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி நிரப்புவது) இல்லை. இரண்டும் உண்மை. ஆனாலும் வீட்டுத் தொட்டிக்கு நான் வெளியே வைக்கும் மோனோபிளாக்கைத்தான் (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக வருவது) சொல்வேன். 230 வோல்ட் ஓடும் வயரைத் தண்ணீருக்குள் இறக்காமல் இருக்க வழி இருக்கும்போது எதற்கு இறக்கவேண்டும்? வெளியே இருக்கும் மோட்டார் சுமார் இருபது அடி வரை கீழிருந்து இழுக்கும். நம் தொட்டி ஆறு அடிதான்.

தண்ணீருக்குள் போடுவதுதான் வேண்டும் என்றால், கேபிளில் தொட்டிக்குள் எங்கேயும் ஒட்டு இருக்கக் கூடாது. கேபிளைப் பிடித்து மோட்டாரை இறக்குவதோ தூக்குவதோ கூடவே கூடாது. அதற்கு நைலான் கயிறு கட்டவேண்டும்.

"மோட்டாரை எங்க வைக்கலாம்? தொட்டி பக்கத்துலயே குழி எடுத்து வச்சா பார்க்க நல்லா இருக்குமே?"

பார்க்க நல்லாத்தான் இருக்கும், முதல் மழை வரைக்கும். நானே ஒரு வீட்டில், வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று தொட்டியை ஒட்டிக் குழி கட்டி, மேலே டைல்ஸ் போட்ட மூடி செய்து வைத்துக்கொடுத்தேன். கார்த்திகையில் தொட்டி நிறைந்து வழிந்த தண்ணீர் நேராக அந்தக் குழிக்குள் போய் நின்றது. மூடியைத் திறந்தால் மோட்டாரின் விசிறி மூடி மட்டும் தவளைத் தலை மாதிரி மேலே தெரிந்தது. அன்றிலிருந்து குழி வேலை எடுப்பதில்லை.

தரையிலிருந்து ஒரு அடி உயர சிமெண்ட் மேடை, மேலே ஒரு தகரமோ சிலாப்போ, பின்பக்கம் விசிறிக்குக் காற்றுப்போக அரை அடி இடைவெளி. இவ்வளவுதான். கோணிச்சாக்கைப் போட்டுச் சுற்றி மூடாதீர்கள். சூடு வெளியேறாமல் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) கருகும். எலியும் குடித்தனம் வரும்.

"குழாய் வேலையில எதைக் கவனிக்கணும்?"

இழுக்கிற பக்கம்தான் எல்லாமே. மோட்டாரின் வாய் ஒரு இஞ்ச் என்றால் இழுக்கும் குழாயும் ஒரு இஞ்சுக்குக் குறையக் கூடாது. அடியில் ஃபுட் வால்வு (ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாத வால்வு), அது தொட்டித் தரையிலிருந்து அரை அடியாவது மேலே தொங்கவேண்டும். மாடியிலிருந்து வரும் மண் எல்லாம் அடியில்தான் படியும். குழாய் தொட்டியிலிருந்து மோட்டாரை நோக்கி லேசாக ஏறிக்கொண்டே வரவேண்டும். நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி மேடு இருந்தால் காற்று அங்கே உட்கார்ந்துகொள்ளும். மோட்டாருக்கு இரண்டு பக்கமும் திருகிக் கழற்றும் மூட்டான யூனியன் போட்டுவிடுங்கள். நாளைக்குக் கழற்றும்போது குழாயை அறுக்கவேண்டி இருக்காது.

"பக்கத்து ரூம் பிளக்குல செருகிக்கிட்டா போதாதா? ரெண்டு மாசத்துக்குத்தானே?"

எனக்கு வரும் கேள்விகளில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். ஜன்னல் வழியாக ஒரு வயர், நடுவில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு, மழை ஈரத்தில் தரையில் கிடக்கும். இழுத்தவர் வீட்டில் இருக்கும் வரை ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் கயிறு.

மோட்டாருக்குத் தனி லைன் வேண்டும். மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சு), அரை ஹெச்பிக்கு 10 ஆம்பியர் போதும். 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தூரம் அதிகம் என்றால் 2.5. பேஸ் (கரண்ட் வருவது), நியூட்ரல் (திரும்பிப் போவது), எர்த் (கசிவைத் தரைக்கு இறக்குவது) என மூன்று வயரும் பைப்புக்குள் போகவேண்டும். சுவிட்சு இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் டிபி சுவிட்சாக இருக்கவேண்டும். சாதாரணச் சுவிட்சு ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கும். வயரிங் செய்தவர் அவசரத்தில் பேசுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்சை வைத்திருந்தால், நீங்கள் அணைத்த பிறகும் மோட்டாருக்குள் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். இப்படி மாறிக் கிடந்த வீடுகளை நான் ஒன்றிரண்டல்ல, நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேல் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. கொஞ்சம் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் கணக்கு இடித்து, கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழவில்லை என்றால் மாற்றவேண்டும்.

"எர்த் இருக்குன்னு வீடு கட்டினவர் சொன்னார். அது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

மூன்றாவது வயர் தெரிகிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது போய்ச் சேரும் குழியைக் காட்டச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கிய குழி என்றால், நம் ஊர்ப் பங்குனி சித்திரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பேருக்குத்தான் இருக்கும். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் அதில் ஊற்றுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீசியனை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சில பேர் குழி எடுக்கச் சோம்பல் பட்டு, பிளக்கிலேயே எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வீட்டுக்குள் எங்காவது நியூட்ரல் அறுந்தால் மோட்டாரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். அப்படி இருப்பது தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

"மோட்டாரைத் தொட்டா லேசா சுர்ருங்குது. டெஸ்டர் வச்சா லைட்டும் மங்கலாத்தான் எரியுது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று ஒன்று இதில் கிடையவே கிடையாது. நீங்கள் செருப்புப் போட்டு, காய்ந்த தரையில் நின்றதால் 'சுர்'. அதே மோட்டாரை உங்கள் வீட்டம்மா வாசல் கழுவிவிட்டு ஈரக்காலோடு தொட்டால் கதை வேறு. எம்சிபியை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம், காயிலின் வார்னிஷ் போயிருக்கலாம், வயர் உடம்பில் உரசலாம். எதுவாக இருந்தாலும் முன் சொன்ன எர்த்தும் சரியில்லை, ஆர்சிசிபியும் இல்லை என்று அந்தச் 'சுர்' சொல்கிறது.

"ஆர்சிசிபி போட்டோம்ணே, மோட்டார் போட்டாலே விழுது. அதை மட்டும் தாண்டி நேரா கொடுத்துருங்க."

மாட்டேன். அது விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. நாய் குரைக்கிறது என்று நாயை அவிழ்த்துவிட்டால் திருடன் போய்விடுவானா? பெரும்பாலும் கசிவு மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் இருக்கும். மூடியின் ரப்பர் போய் மழைத்தண்ணீர் உள்ளே நிற்கும். துடைத்துக் காயவைத்து ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும். பழைய வீடுகளில் இரண்டு லைனின் நியூட்ரல் ஒன்றாகக் கலந்து கிடந்தாலும் விழும். தேடிப் பிடிக்க அரைநாள் ஆகும், பிடித்துத்தான் ஆகவேண்டும்.

"மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது."

முதலில் அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தண்டு வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் சில நிமிஷத்தில் கருகிவிடும். மோட்டார் தலையில் உள்ள பிரைமிங் நட்டைத் திறந்து, நிறையும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால் வெறும் காற்றுதான், மூடிவிட்டு ஓட்டுங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. ஒரு வேப்ப இலைக் காம்பு வால்வு வாயில் சிக்கினாலே போதும். மாடிக் குழாய் வாயில் வலை இல்லாத வீடுகளில் பத்துக்கு எட்டு தடவை இதுதான் சங்கதி.

மட்டமும் நிற்கிறது, ஓட்டினால் ஏறவில்லை என்றால், இழுக்கும் குழாயின் ஏதோ ஒரு மூட்டு காற்றைக் குடிக்கிறது. அங்கே தண்ணீர் ஒழுகாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. சோப்பு நுரையை மூட்டில் தடவி ஓட்டினால் நுரையை உள்ளே இழுப்பது தெரியும். அதையும் ஒரு நிமிஷத்துக்குள் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

"எட்டு மாசம் கழிச்சுப் போட்டேன். 'ம்ம்ம்'னு உறுமுது, சுத்த மாட்டேங்குது."

அதுவும் உடனே அணைக்கவேண்டியதுதான். உறுமிக்கொண்டே விட்டால் காயில் போய்விடும். சும்மா கிடந்ததில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அல்லது மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர் செத்திருக்கும். எம்சிபியையும் இறக்குங்கள். பின்பக்க விசிறி மூடியின் நடுவில் தெரியும் தண்டின் நுனியில் ஸ்குரூ டிரைவருக்குக் காடி வெட்டியிருக்கும். அதில் வைத்து இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பினால் ஒட்டு விடும். நன்றாகச் சுற்றியும் மோட்டார் எடுக்கவில்லை என்றால் கண்டென்சர்.

கண்டென்சரை நீங்கள் கழற்றவேண்டாம். கரண்டை எடுத்த பிறகும் அது உள்ளே கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். தொழில் பழகின புதிதில் அதன் இரண்டு முனையையும் விரலால் தொட்டு, உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு பின்னால் விழுந்தவன் நான்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், வெயில் காலத்திலும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது இரண்டு நிமிஷம் ஓட்டிவிடுங்கள். தொட்டி காலி என்றால் கையால் தண்டைச் சுற்றிவிடுவது போதும்.

"மோட்டார் போட்டிருந்தப்ப கரண்ட் போயிருச்சு. திரும்ப எப்ப வந்துச்சுன்னே தெரியல, தொட்டி காலியாகி மோட்டார் கொதிக்குது."

கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்கும் பழக்கம் நூற்றுக்குப் பத்துப் பேரிடம்கூட இல்லை, என் வீட்டையும் சேர்த்து. அதனால் தொட்டிக்குள் மட்டம் பார்க்கும் ஆட்டோமேட்டிக் ஒன்று போட்டுவிடுங்கள். அதிலும் சென்சார் வயரில் குறைந்த வோல்டேஜ் ஓடும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். மிதக்கும் உருண்டைச் சுவிட்சு சிலவற்றில் 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும்.

வோல்டேஜ் 180-க்குக் கீழே இருந்தால் மோட்டாரைத் தொடவேண்டாம். விளக்கு ஒன்று பளீரென்றும் ஒன்று மங்கலாகவும் எரிந்தால் வெளியே நியூட்ரல் போயிருக்கலாம். மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

"தொட்டியைக் கழுவணும். நானே இறங்கிக்கவா? ஆறு அடிதானே?"

ஆறு அடியில் ஆள் செத்திருக்கிறான். ஆழம் பிரச்சினையே இல்லை, காற்றுதான் பிரச்சினை. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டியில் அழுகிய இலையும் சேறும் உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றிருக்கும். புதிதாகக் கட்டிய தொட்டி இன்னும் மோசம். கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த செண்டரிங் பலகை ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது இறங்கிப் பிரிக்கப் போய் மயங்கி விழுவார்கள். முதல் ஆள் விழுந்ததும் "என்னாச்சு" என்று இரண்டாவது ஆள் குதிப்பார். இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போகிறது.

மூடிகளை முதல்நாளே திறந்து போடுங்கள். இறங்குவதற்கு முன் டேபிள் ஃபேனை வெளியே தள்ளி வைத்து உள்ளே காற்று அடிக்கவிடுங்கள். மோட்டார் எம்சிபியை இறக்கி, வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, போர்டில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே வேறெங்கும் போகாத ஒரு ஆள். தலை சுற்றினால் மேலே இருப்பவர் இழுக்கவேண்டும், குதிக்கக் கூடாது. விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் காற்றுக் குறைவைக் காட்டும், விஷக் காற்றைக் காட்டாது. பெட்ரோல் எஞ்சின் பம்பை உள்ளே இறக்காதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்த்துத் தேய்த்தால் குளோரின் கிளம்பும். தேங்காய் நார், தண்ணீர், கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் மட்டும் போதும்.

இன்னொன்று. மாடக்குளம், வண்டியூர் கண்மாய்க்குப் பக்கத்து மனைகளில், கண்மாய் நிறைந்து ஊற்று ஏறியிருக்கும் நாளில் தரைக்கடி டேங்கை முழுக்கக் காலி செய்யவேண்டாம். பிளாஸ்டிக் டேங்க் என்றால் சுற்றிலும் உள்ள தண்ணீர் அதை அப்படியே மேலே தூக்கிவிடும். கழுவும் வேலையைப் புரட்டாசிக்குள் முடிப்பதுதான் சௌகரியம்.

"தொட்டி மூடி கனமா இருக்கு, பாதி திறந்தே வச்சிருக்கோம்..."

குழந்தை உள்ள வீடா, இல்லாத வீடா என்றுகூட நான் கேட்கப்போவதில்லை. பூட்டுகிற மூடி போடுங்கள். காற்றுக் குழாய் வாயிலும் வழிந்தோடும் குழாய் வாயிலும் கொசுவலை கட்டுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

"இதே மோட்டாரை கார்ப்பரேஷன் குழாயிலயும் கோர்த்துட்டா ரெண்டு வேலையும் ஆயிருமே?"

கோர்க்கக் கூடாது. சட்டப்படி தவறு, குழாயைத் துண்டிப்பார்கள் என்பது ஒருபக்கம். பைப்பில் தண்ணீர் இல்லாத நேரத்தில் நீங்கள் இழுத்தால், தெருவில் எங்கோ விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும். அது உங்கள் வீட்டுக்கு மட்டும் வராது.

"மழைத்தண்ணியைக் குடிக்கலாமா?"

வருஷத்தின் முதல் மழையைப் பிடிக்காமல் வெளியே விட்டு, மாடியைப் பெருக்கி வைத்து, மணல் ஜல்லி வடிகட்டி வழியாக இறக்கிய தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். பருப்பு வேக இதைவிட நல்ல தண்ணீர் இல்லை என்று எங்கள் அம்மா சொல்வார்; போர்த் தண்ணீரின் உப்பு இதில் கிடையாது. மாடியில் புறா அடைகிற வீடு என்றால் துவைக்க, கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"யாருக்காவது ஷாக் அடிச்சு மோட்டாரோட ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?"

ஆளைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சுக்கு ஓடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும். அணைக்க முடியாவிட்டால் மட்டும், காய்ந்த பலகை மேல் நின்று காய்ந்த கம்பால் தள்ளுங்கள். ஈரக் கம்பு வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தமாக அழுத்திக்கொண்டே இருங்கள், வண்டி வரும் வரை. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத்தைப் பார்த்துவிடுங்கள்.

"மழையில மோட்டார் முங்கிருச்சு. ரெண்டு நாள் வெயில்ல வச்சேன், காஞ்சிருச்சு. இப்பப் போடலாமா?"

வெளியே காய்ந்திருக்கும். காயிலுக்குள் ஈரமும் வண்டலும் அப்படியே இருக்கும். கழற்றிக் கொண்டுவந்தால் பிரித்துச் சுத்தம் செய்து, சூடு காட்டிக் காயவைத்து, பேரிங்கைப் பார்த்து, காயிலிலிருந்து உடம்புக்குக் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் வைத்து அளப்போம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி காயவைக்கவேண்டும், அல்லது வைண்டிங், அதாவது காயிலைப் புதிதாகச் சுற்றுவது. குறைந்தது இரண்டு மூன்று நாள் ஆகும். மழை நேரத்தில் கடையில் வரிசை இருந்தால் ஒரு வாரமும் ஆகும். அதுவரைக்கும் வாளியும் கயிறும்தான்.